பென்சன் பிறந்த கொட்டாய்

7

"ஆதார் கார்டா? காட்டுக்குள்ள போறதுக்கு எதுக்குய்யா ஆதார்? யானை கேக்குதா?" என்று எகிறினார் பென்சன்.

சோதனைச் சாவடியில் இருந்த வன ஊழியர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யானை கேக்காது சார். அது மிதிச்சப்புறம் ஆளு யாருன்னு நாங்கதான் சொல்லணும்."

மாதேஷுக்கு அந்த ஊழியரை உடனே பிடித்துப் போய்விட்டது.

காட்டுக்குள்ளே பட்டா நிலம் வைத்திருக்கிறவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் அடையாள அட்டையைக் காட்டி, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இன்றைக்குச் சொந்தக்காரர் என்று வந்திருப்பவர் பென்சன்தான். ஆனால் பென்சன் பேனாவை மாதேஷின் கையில் திணித்தார். "நீ போடுப்பா. என் கார்டு வீட்டுல கெடக்குது."

மாதேஷ் தன் கார்டைக் காட்டிப் போட்டான். முப்பத்து மூன்று வயதில் அவன் போட்ட கையெழுத்தெல்லாம் அடுத்தவர்களுக்காகத்தான். பக்கத்தில் நின்ற டெல்பின் கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் அப்படி மாற்றினால் மனசுக்குள் எதையோ குறித்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். எதை என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

டெல்பினுக்கு நாற்பத்தாறு வயது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேரிங் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். ஓசூர் ஃபேக்டரிகளில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கொடுத்த விலாசம் நிஜமா, சொன்ன அனுபவம் நிஜமா என்று தேடிப்போய்ச் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. மாதேஷ் அவளுக்கு உதவியாள். காணாமல் போனவர்களைத் தேடும் வேலை எப்போதாவது வரும். இந்த வாரம் வந்தது.

காணாமல் போனவள் ஜெசி. இருபத்து நாலு வயது. கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே பிரஸ் மெஷினில் சிக்கி ஒரு பீகார் தொழிலாளி செத்துப்போனான். உற்பத்தி வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்பு சென்சாரை யாரோ வேலை செய்யாமல் கட்டிப்போட்டிருந்தார்கள் என்று சொன்ன ஒரே ஆள் ஜெசி. சொன்ன மறுநாளே ஆளைக் காணோம். இன்றோடு இருபத்து நாலு நாள். திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் விசாரணை. அவள் வந்து சொல்லாவிட்டால், செத்தவனின் கவனக்குறைவு என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

"எங்க அக்கா பொண்ணுங்க. அவ உசுருக்கு ஆபத்து. திங்கட்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று நாலு நாளைக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்து கண்ணைக் கசக்கியவர்தான் பென்சன், ஜெசியின் தாய்மாமன். அவர் அழுததைப் பார்த்து மாதேஷே தன் டீயை அவருக்குக் கொடுத்துவிட்டான்.

அக்கா லூர்தம்மாள் கெலமங்கலத்தில் இருந்தாள். காலையில் முதலில் அங்கேதான் போனார்கள். "அக்காளும் நானும் பேசி ஆறு வருசமாச்சு. நீங்க போங்க, நான் கார்லயே இருக்கேன்" என்று பென்சன் தெருமுனையிலேயே காரை நிறுத்திக்கொண்டார்.

"யாரு அனுப்புனது உங்கள?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"உங்க தம்பி பென்சன்" என்றாள் டெல்பின்.

அந்தம்மாள் முகத்தில் ரத்தம் வற்றியது. அடுத்த விநாடி கதவு இவர்கள் மூக்குக்கு முன்னால் அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள், அதற்குமேல் இன்னொரு தாழ்ப்பாள். அக்கா தம்பிப் பகை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மாதேஷ் வியந்துபோனான். சாத்திய கதவின் நிலைக்கு மேலே ஓலையில் பின்னிய என்னவோ ஒன்று செருகியிருந்தது. சின்னப் பெண் ஒருத்தி ஜடை பின்னிப் பழகியதுபோல விரல் நீளத்துக்கு ஒரு பின்னல், கீழே ஒரு முடிச்சு. டெல்பின் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பை தோள் மாறியது.

லூர்தம்மாளின் பிறந்த ஊர் சவரியப்பன் கொட்டாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காட்டுக்குள்ளே ஐந்தே வீடு. யானைத் தொல்லை தாங்காமல் முப்பது வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் விட்டுவிட்டு வந்த இடம். ஒளிய நினைக்கும் பெண்ணுக்கு அம்மாவின் ஊர் ஞாபகம் வராமலா போகும்?

காடு அவர்களை வாங்க என்று கூப்பிடவில்லை. மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்து, மாதேஷின் புதுச் சட்டைக் கையை ஒரு சாணுக்குக் கிழித்தது.

"மேடம், யானை லத்தி. ஆவி பறக்குது."

"அப்ப இப்பத்தான் போயிருக்குது."

"போயிருக்குதா, வந்துக்கிட்டு இருக்குதா?"

"அதை லத்தி சொல்லாது. வாய மூடிக்கிட்டு நட."

முன்னால் போன பென்சன் திரும்பி முறைத்தார். ஆபீஸில் அழுத கண்கள் இல்லை அவை. "சீக்கிரம் வாங்க. பிக்னிக்கா வந்திருக்கோம்?"

பாதை முடிகிற இடத்தில் வெள்ளாடுகள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு தொரட்டிக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். சாவடி ஊழியர் சொல்லியிருந்தார், கெம்பம்மா என்று ஒருத்தி அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பாள், அவள் வாய்க்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள் என்று.

"ஏனு பேக்கு?" என்றாள். என்ன வேணும் என்ற கேள்வி, கிட்டே வராதே என்ற குரலில் வந்தது.

மாதேஷுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. "சும்னே நோடோக்கே பந்த்வி அக்கா" என்று இளித்தான். சும்மா பார்க்க வந்தோம் அக்கா.

"பாக்கறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டாயா? திரும்பிப் போங்க. இங்க ஒண்ணுமில்ல."

"ஒரு பொண்ணு இங்க வந்துச்சா?" என்றார் பென்சன்.

"ஆனை வந்துச்சு. பன்னி வந்துச்சு. இப்ப நீங்க மூணு பேரு." வெற்றிலைச் சாற்றைப் பென்சனின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினாள். குறி தவறியதா, வேண்டுமென்றே தள்ளித் துப்பினாளா என்று மாதேஷுக்குப் புரியவில்லை.

பென்சன் தொரட்டியை எட்டிப் பிடித்து இழுத்தார். "ஒழுங்கா பதில் சொல்லு. ஒரு தடவைதான் கேப்பேன்."

ஷிப்டுக்குத் தாமதமாக வந்தவனைக் கேட்டில் நிறுத்தி வைத்துக் கேட்கிற குரல் அது. மாதேஷுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் ஒரு ஃபேக்டரியில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வேலையே வேண்டாம் என்று ஓடிவந்தான். கெம்பம்மா கம்பை விடவில்லை. டெல்பின் நடுவில் புகுந்து, "விடுங்க சார், நாமளே பாத்துக்கலாம்" என்றாள்.

சவரியப்பன் கொட்டாயில் கூரையென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. செம்மண் சுவர்கள் இடுப்பளவுக்குக் கரைந்து நின்றன. ஒரே ஒரு வீட்டுக்குப் பாதி ஓடு இருந்தது. கிழக்கே, எல்லாவற்றையும் விடப் பெரிய கட்டடம் ஒன்று, கல்லில் கட்டியது, கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் யானை முதுகைத் தேய்த்த தடம். மனிதர்கள் இங்கே தோற்றுப்போய்த்தான் வெளியேறியிருக்கிறார்கள்.

"நீங்க பொறந்த வீடு எது சார்?" என்று டெல்பின் சாதாரணமாகக் கேட்டாள்.

"அதோ, அந்தப் பெரிய வீடு. சின்ன வயசுல போனதுங்க. ஆனா அது மட்டும் ஞாபகம் இருக்குது" என்று கிழக்கே கையைக் காட்டினார் பென்சன். கைப்பை தோள் மாறியது.

பென்சன் ஒவ்வொரு வீடாக நுழைந்து உதைத்தார். கதவு இல்லாத வீட்டில் எதை உதைப்பது? சுவரை உதைத்தார். ஓடு போட்ட வீட்டுக்குள் மூன்று கல் அடுப்பும் சாம்பலும் இருந்தன.

"இது யாருது?"

"என்னுது" என்றாள் கெம்பம்மா பின்னாலிருந்து. "மத்தியானத்துக்குக் களி கிண்டுவேன். அதுக்கும் உங்க ஆதாரைக் கேக்கணுமா?"

சாவடியில் நடந்தது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மாதேஷ் யோசிப்பதற்குள், பென்சன் அந்த வீட்டின் நிலைக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். ஓலைப் பின்னல் ஒன்று கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நுனியைப் பிய்த்துப் பல்லிடுக்கில் விட்டுக் குத்தினார். கெலமங்கலத்தில் தின்ற பரோட்டா இன்னும் அங்கேயே இருந்திருக்கும்போல. குத்தி முடித்து மிச்சத்தைக் கீழே போட்டு, அதன்மேலேயே மிதித்து வெளியே போனார்.

டெல்பின் குனிந்து அதை எடுத்தாள். மண்ணைத் தட்டி, கைக்குட்டையில் மடித்து, பைக்குள் வைத்தாள். குப்பையைக்கூட விடமாட்டார்கள் மேடம் என்று மாதேஷ் நினைத்துக்கொண்டான்.

வெளியே பென்சன், பெரிய கட்டடத்தின் பக்கவாட்டில் புதர் மூடிக் கிடந்த ஒரு கல்மேடையில் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸைக் கட்டினார். கெம்பம்மா பல்லைக் கடித்த சத்தம் மாதேஷுக்குக் கேட்டது. ஒரு லேஸுக்கு ஏன் இவளுக்கு இத்தனை கோபம்?

டெல்பினோ முற்றத்து நடுவில் கிடந்த பலகைக் கல் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்தடி தள்ளிப் புளியமர நிழல் இருக்க, உச்சி வெயிலில், சுடுகிற கல்லில். துப்பட்டாவை இரண்டு பக்கமும் தரைவரை விரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"மேடம், நிழலு அங்க இருக்குது."

"எனக்கு இங்க சௌகரியமா இருக்குது."

"வெயில் தலைக்கு ஏறிரும்."

"உன் பேச்சை விடவா?"

பென்சன் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த கல்லையும் பார்த்தார். "அது என்ன கல்லு?"

தனக்குத் தெரிந்த விஷயம் கேள்வியாக வந்தால் மாதேஷால் சும்மா இருக்க முடியாது. "ராகிக் குழி சார். எங்க பக்கத்துல வீட்டுக்கு வீடு இருக்கும். மேல வாய் குறுகலா இருக்கும், உள்ள பானை மாதிரி அகலம். ராகியைக் கொட்டி, கல்லை மூடி, சேறு வெச்சு அடைச்சிருவாங்க. பத்து வருசம் ஆனாலும் கெடாது."

"ஆள் எறங்கலாமா?"

"எறங்கலாம், ஏறி வர முடியாது. வருசக்கணக்கா மூடி வெச்ச குழியில விஷக்காத்து நிக்கும் சார். எங்க பெரியப்பா வீட்டுல விளக்கை விட்டுப் பாக்காம எறங்கின ரெண்டு பேரை, கயிறு கட்டித்தான் மேல இழுத்தாங்க. பொணமா." அந்தச் சாவுக்கு அவன் போயிருக்கிறான்.

பென்சன் ஓரடி பின்வாங்கினார். ஆனால் கண் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். "எறங்க வேணாம். நாலு காஞ்ச செடியைப் பத்தவெச்சு உள்ள தள்ளுவோம். எதாவது இருந்தா வெளிய வருது, வரலைன்னா கெடக்குது."

அக்கா மகளைத் தேடுகிற மாமன் பேசுகிற பேச்சா இது? கெம்பம்மாவின் கை தொரட்டியில் இறுகி, விரல் முட்டியெல்லாம் வெளுத்தது.

டெல்பின் மட்டும் நிதானமாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "தாராளமா வைங்க சார். இது வெயில் காலம். காட்டுல புகை கெளம்புனா சாவடியிலிருந்து அரை மணி நேரத்துல ஓடிவருவாங்க. காட்டுக்குத் தீ வெச்சது யாருன்னு கேப்பாங்க. அப்பவாவது உங்க ஆதாரைக் காட்டுவீங்கதானே?"

லைட்டர் எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்து சட்டைப் பைக்குள் போனது.

"உங்களுக்குக் கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்தது எனக்குப் புத்தி சொல்றதுக்கு இல்ல" என்றார் பென்சன் பல்லிடுக்கில்.

"தேடறதுக்குத்தான் சார். தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்." டெல்பின் குனிந்து கல்லின் ஓரத்துப் புல்லைத் துழாவினாள். "அட, இது என்ன?"

அவள் விரல் நுனியில் ஒரு பஸ் டிக்கெட். கப்பல் மாதிரி மடித்திருந்தது.

டிக்கெட்டைக் கப்பல் மடிக்கிற கெட்ட பழக்கம் ஓசூர் வட்டாரத்திலேயே மாதேஷ் ஒருவனுக்குத்தான் உண்டு. போன வாரம் காவேரிப்பட்டினத்து அக்கா வீட்டுக்குப் போனபோது எடுத்த டிக்கெட்டை மடித்து மேடம் மேஜையில் விட, அதற்காக மேடம் கத்தியதும் நினைவுக்கு வந்தது. அது எப்படிக் காட்டுக்குள் வந்தது? மேடத்தின் கைப்பையில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் மேடம் பொய் சொல்கிறாள். கூலி கொடுக்கிற ஆளிடமே பொய் சொல்கிறாள்! முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓர் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொடுத்தான்.

பென்சன் டிக்கெட்டைப் பிடுங்கிப் பிரித்தார். "கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம். தேதி தெரியலையே?"

"வேர்வையில அழிஞ்சிருக்குது" என்றான் மாதேஷ். அது சத்தியமான உண்மை. அவனுடைய வேர்வைதான்.

"பொண்ணு இங்க வந்திருக்கா, இருக்க முடியாம கெளம்பியிருக்கா" என்றாள் டெல்பின். "காவேரிப்பட்டினத்துல கங்கப்பன்னு ஒருத்தர் இருக்காரு. அவருக்குத் தெரியாம அந்த ஊருல ஈ காக்கா பறக்காது. நம்பர் தர்றேன். நேராப் போயி, ஜெசியோட மாமா பென்சன்னு சொல்லிக் கேளுங்க. உதவி பண்ணுவாரு."

மாதேஷுக்குப் புரையேறியது. ஆட்டுக்குட்டி பயந்து ஓடியது.

"நீங்க வரலையா?"

"இன்னும் ரெண்டு வீடு பாக்கணும். நாங்க பஸ்ஸைப் பிடிச்சு வந்துக்கறோம். பொழுது போறதுக்குள்ள நீங்க போய்ச் சேருங்க."

பென்சன் நம்பரை வாங்கிக்கொண்டார். கிளம்புமுன் டெல்பினின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "ஆள் கெடைச்சா முதல் போன் எனக்கு. போலீசுக்கு இல்ல, அவ அம்மாவுக்கு இல்ல, எனக்கு. இந்த டிக்கெட்டு பொய்யா இருந்துச்சு, மூக்கண்டப்பள்ளியில உங்க போர்டு இருக்காது."

அவர் புதருக்குள் மறைந்தார். கெம்பம்மா ஒரு குட்டிச்சுவரில் தாவி ஏறி நின்று பார்த்தாள். மாதேஷ் பேசாமல் இருந்ததுதான் பெரிய அதிசயம்.

"ஓடையைத் தாண்டிட்டான்" என்றாள் கெம்பம்மா.

"மேடம்" என்று வெடித்தான் மாதேஷ், "கங்கப்பன் எங்க மச்சான். ஹெட் கான்ஸ்டபிள்!"

"தெரியும். அதான் அனுப்புனேன்."

"நம்மள வேலைக்கு வெச்ச ஆளு மேடம் அவரு!"

"அவன் பென்சனும் இல்ல, லூர்தம்மாளுக்குத் தம்பியும் இல்ல." டெல்பின் கைக்குட்டையைப் பிரித்து, மிதிபட்ட ஓலைப் பின்னலைக் காட்டினாள். "இது என்ன தெரியுமா?"

"ஜடை."

"குருத்தோலை. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு மாதா கோவில்ல மந்திரிச்சுக் குடுப்பாங்க. எங்க ஆளுங்க வீட்டு நிலையில செருகி வருசம் பூரா வெச்சிருப்பாங்க. குப்பையில போடமாட்டாங்க, கால் பட விடமாட்டாங்க. காஞ்சப்புறம் கோவிலுக்கே திருப்பிக் குடுத்துருவோம். அதை எரிச்ச சாம்பலைத்தான் அடுத்த வருசம் நெத்தியில பூசுவாங்க. சவரியப்பன் கொட்டாயில பொறந்த எவனாவது அதை எடுத்துப் பல்லு குத்துவானா?"

மாதேஷ் ஓலையைத் தொட்டுப் பார்த்தான்.

"அவன் பொறந்த வீடுன்னு காட்டினானே, அது கோவில். வாசல்ல தீர்த்தத் தொட்டிக் கல்லு இருக்குது, பாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதிருக்குது. நீ அதுக்கு டீ குடுத்திருக்கே."

"ஓலை பழசா இருந்தா?"

"வளைச்சுப் பாரு, இன்னும் ஒடியல. குருத்தோலை ஞாயிறு முடிஞ்சு பன்னெண்டு நாளு. ஜெசி காணாம போயி இருபத்து நாலு நாளு. அவ இங்க வந்தப்புறம்தான் யாரோ கொண்டுவந்து குடுத்திருக்காங்க. லூர்தம்மாள் வீட்டு வாசல்ல இருந்ததும் இதே பின்னல், இதே முடிச்சு. மகளைக் காணோம்னு தவிக்கிற தாய் இல்ல அவங்க. மகளை ஒளிச்சு வெச்சிருக்கிற தாய்."

"சரி, பொண்ணு எங்க?"

டெல்பின் எழுந்து துப்பட்டாவைச் சுருட்டினாள். "ராகிக் குழியைச் சேறு வெச்சு அடைச்சிருவாங்கன்னு பெரிய பாடம் எடுத்தியே, இந்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்குது?"

மாதேஷ் குனிந்தான். பலகைக் கல்லுக்கும் குழி வாய்க்கும் நடுவே இரண்டு கூழாங்கற்கள். இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. இத்தனை நேரமும் துப்பட்டா மறைத்திருந்த இடைவெளி.

"ராகிக்குக் காத்து ஆகாது" என்றாள் டெல்பின். "மூடின குழிக்குள்ள காத்து யாருக்கு வேணும்?"

ராகிக் களி தின்று வளர்ந்தவன், ராகிக் குழிக்குப் பக்கத்திலேயே நின்று கதை அளந்தவன், கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. மாதேஷுக்கு வெட்கமாக இருந்தது. லைட்டர் ஞாபகம் வந்ததும் குனிந்தபடியே கல்லின் ஓரத்தைப் பிடித்தான்.

இரண்டு பேரும் கல்லைப் புரட்டினார்கள். முதலில் வெளியே வந்தது ஓர் அரிவாள். அதற்குப் பின்னால்தான் பெண்.

"கிட்ட வந்தா வெட்டிருவேன்." தலையெல்லாம் பழைய ராகித் தூசு, கண்ணெல்லாம் சிவப்பு. "எல்லாம் கேட்டுச்சு எனக்கு. அவனை இங்க கூட்டிட்டு வந்தது யாரு? நீங்கதானே? எங்க அம்மா கெம்பக்காவுக்குப் போன் பண்ணாம இருந்தா, அவங்க சாவடியில உங்களைப் பாத்துட்டுக் குறுக்குவழியில ஓடிவராம இருந்தா, இந்நேரம் நான் இருப்பனா?"

டெல்பின் அரிவாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. நாங்கதான் கூட்டிட்டு வந்தோம். ஊர்ல இருக்கிறவன் விலாசத்தையெல்லாம் சரிபார்க்கிறவ, எங்கிட்ட வந்து அழுதவனை மட்டும் சரிபார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னுது."

மேடம் யாரிடமும் இப்படித் தலை குனிந்து மாதேஷ் பார்த்ததில்லை.

டெல்பின் கைக்குட்டையிலிருந்த குருத்தோலையை இரண்டு கையாலும் நீட்டினாள். ஜெசி அதைப் பார்த்தாள். நுனி பிய்ந்திருந்ததைப் பார்த்தாள். அரிவாள் மெல்லக் கீழே இறங்கியது.

"அவன் பேரு ரத்தினவேல்" என்றாள். "எங்க லைனுக்கு ஆள் சப்ளை பண்ற காண்ட்ராக்டர். சென்சாருக்குப் பதிலா டம்மி பிளக்கைச் சொருகினது அவன்தான். அந்தப் பீகார் அண்ணன் கை உள்ள போனப்போ மெஷின் நிக்கல. எல்லாரும் அந்த அண்ணனைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் பிளக்கைப் புடுங்கிக்கிட்டு ஓடினேன்." கழுத்து ஜெபமாலையோடு கட்டியிருந்த துணி முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். விரல் நுனி அளவுதான் இருந்தது. இதற்காகத்தான் ஒரு குழிக்குள் புகை போடப் பார்த்தான்.

"உங்க மாமா பேரு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான் மாதேஷ்.

ஜெசி அரிவாளைக் கீழே வைத்தாள். "அப்பா இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சா லைன்ல விடமாட்டாங்கண்ணா. தொடுவாங்க, பின்னாடி வருவாங்க. அதனால சேர்ந்த அன்னிலேர்ந்தே சொல்லி வெச்சேன், எனக்குப் பென்சன்னு ஒரு மாமா இருக்காரு, பெரிய முரடரு, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேட்டுல வந்து நிப்பாருன்னு. கேன்டீன் பூரா நம்பிருச்சு. அவனும் நம்பிட்டான்."

"நிஜமா இல்லையா அவரு?"

"இருக்காரு. இங்கதான் இருக்காரு."

அவள் நடந்தாள். கோவிலின் பக்கவாட்டுக்கு, புதர் மூடிய கல்மேடைக்கு. கெம்பம்மா தொரட்டியால் உண்ணிச்செடியை விலக்கினாள். கல்லின் தலைமாட்டில் சின்னதாக ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே எழுத்து. அதன்மேல் புதிதாக ஒரு ஷூத் தடம்.

'ச. பென்சன். பிறப்பு 3.5.1970. இறப்பு 17.11.1994.'

"ஆனை மிதிச்சுச்சு" என்றாள் கெம்பம்மா. அவள் குரலில் முதல் தடவையாகச் சண்டை இல்லை. "அடக்கம் பண்ணின மறுவாரமே எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டாங்க."

மாதேஷுக்குக் காலையில் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் வைத்த தம்பி அனுப்பினான் என்று வாசலில் யாரோ இரண்டு பேர் வந்து சொன்னால், எந்த அக்காள்தான் ஒரு தாழ்ப்பாளோடு நிறுத்துவாள்?

ஜெசி உட்கார்ந்து தன் துப்பட்டாவால் அந்தத் தடத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். அவள் பார்த்தேயிராத மாமா அவர். அவளை இத்தனை நாளும் காப்பாற்றி வந்தவரும் அவர்தான்.

"இந்த மேட்டைத் தாண்டினா கர்நாடகா" என்றாள் கெம்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க அக்கா வீடு இருக்குது. திங்கட்கிழமை விடிகாலையில நானே பஸ் ஏத்தி விடறேன்."

"நீங்க ஏத்தி விட வேணாம்மா, நானும் கூடவே வர்றேன்" என்றாள் டெல்பின். "கிருஷ்ணகிரியில இவ சாட்சி நாற்காலியில உக்கார்ற வரைக்கும் நான் நகரமாட்டேன். மாதேஷ், நீ சாவடிக்குப் போயி, நான் கெம்பம்மா கூட அந்தப் பக்கமாப் போயிட்டேன்னு நோட்டுல எழுதிரு. அதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு."

காட்டுக்குள் தமிழ்நாட்டு டவர் எட்டவில்லை. மாதேஷ் கோவில் சுவரில் ஏறி நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான். கர்நாடகம் இரண்டு கோடு கொடுத்தது. அவன் கீழே கல்லில் இருந்த எழுத்தை இன்னொரு முறை படித்துக்கொண்டான்.

"மச்சான், மாதேஷ் பேசறேன். சாயங்காலம் ஒருத்தர் உங்களைத் தேடிக்கிட்டு வருவாரு. பேரு பென்சன்னு சொல்லுவாரு. நல்லா உக்கார வைங்க, டீ குடுங்க, நானும் குடுத்திருக்கேன். பொறந்த தேதியை மட்டும் கேட்டு வைங்க."

பொறந்தநாள் கொண்டாடவா என்று எதிர்முனையில் கங்கப்பன் கேட்டார்.

"இல்ல மச்சான்" என்றான் மாதேஷ். "எறந்த தேதி எங்கிட்ட இருக்குது."